ஏழாவது அலசல்

பதினெட்டு உடுப்புகள், ஒரு போர்வை,
காது வைத்த தொப்பி இரண்டு.
கறுப்புக் குப்பைப் பையில் இறுக முடிந்து
லிஃப்ட் வாசலில் கொடுத்தாள் ரோவெனா.
"என் பையனுக்கு இனி ஆகாது" என்றாள்.
மேலே கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

முடிச்சை அவிழ்த்ததும்
அபுஷகாராவின் எங்கள் ஒற்றை அறை
வேறொருவர் வீடாகிவிட்டது.
பூ வாசம்தான், ஆனால் எந்தப் பூவும் இல்லை.
நீல மூடி பாட்டிலுக்குள் மட்டும்
பூக்கிற ஏதோ ஒன்று.
நத்தர் ஜன்னலைத் திறந்தார்.
ஆகஸ்ட் உள்ளே வந்தது.
மூடினார்.

ஆசைக்கு மஞ்சள் சட்டையை மட்டும்
அப்படியே போட்டுவிட்டேன்.
சாயங்காலம் ஸுமையாவின் கழுத்து மடிப்பில்
வேர்க்குரு போல, ஆனால் வேர்க்குரு இல்லை.
எண்பது திர்ஹம் வாங்கிக்கொண்டு
கிளினிக்கில் சொன்னார்கள்:
துணியைப் பாருங்கள்.

பார்த்தேன்.
சோப்பே போடாமல் நுரைத்தது முதல் வாளி.
தண்ணீருக்குள் துணி வழுக்கியது
பிடிக்குத் தப்பும் மீனாக.
போர்வை வாளிக்குப் பெரிது;
அதை மட்டும் பையிலேயே விட்டு
முடிந்து, கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

பச்சைத் தண்ணீரில் ஊறப்போடு என்றார் நாத்தனார், ஃபோனில்.
பச்சைத் தண்ணீருக்கு இங்கே எங்கே போக?
மொட்டைமாடித் தொட்டி வெயிலில் வேகிறது,
குழாயைத் திறந்தால் கை சுடுகிறது.
ஹீட்டரை அணைத்துவைத்து
அதற்குள் ஆறிக் கிடப்பதைத்தான்
குளிர்ந்த நீர் என்கிறோம், நாலு மாதம்.
அதைப் பிடித்து ஒரு கோப்பை வினிகர்.
அறை ஊறுகாய் ஜாடியானது.
மறுநாள் ஆப்பசோடா.
மூன்றாம் நாள் இரண்டையும் ஒன்றாய்க் கொட்டி
பொங்கிய பொங்கலில் பூரித்தேன்.
பெயிண்ட் கம்பெனி லேபில் இருப்பவர் சொன்னார்:
ஒன்றை ஒன்று தின்றுவிட்டது,
இப்போது இது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.
முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வெயிலுக்குக் குறைவில்லை, காயப்போடத்தான் இடமில்லை.
பால்கனியில் கொடி கட்டினால் அபராதம் என்று
லிஃப்டில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறது.
வாட்ச்மேன் குல்ஜமான் மாடிச் சாவி தந்தார்,
அஸருக்குள் எடுத்துவிட வேண்டுமென்று.
டிஷ் ஆண்டெனாக்களுக்கு நடுவே
பத்தே நிமிடத்தில் அப்பளமாயின சட்டைகள்.
முகர்ந்தால் இல்லை,
இல்லை போலத்தான்.
இஸ்திரிப் பெட்டி பட்டதும்
எழுந்து உட்காரும்.

ஏழாவது அலசலில் நுரை இல்லை.
விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.
ஒவ்வொன்றாய் மூக்கில் வைத்து மடித்தேன்.
துணி. துணி. வெறும் துணி.
போரில் ஜெயித்த மாதிரி இருந்தது, சிரிக்காதீர்கள்.

சனிக்கிழமை ரோவெனா வந்தாள்,
டோனட் பெட்டியோடு, குழந்தை பார்க்க.
ஸுமையா போட்டிருந்தது திமிங்கிலச் சட்டை.
பார்த்ததும் தூக்கினாள், தோளில் சாய்த்தாள்,
கழுத்தோரத் துணியில் மூக்கைப் புதைத்தாள்.
அந்தப் பக்கம்.
பிறகு இந்தப் பக்கம்.
பிறகு மறுபடி அந்தப் பக்கம்.
"நன்றாகத் துவைத்திருக்கிறாய்" என்றாள்.

ஜெரோ எங்கே என்று அப்போதுதான் கேட்டேன்.
இலோய்லோவில். அக்காவிடம்.
ஜூனில் கொண்டுபோய் விட்டது.
பார்ட்டிஷனுக்கு அந்தப் பக்கம்
நைட் டியூட்டி முடித்துத் தூங்குகிறவர்கள் நாலு பேர்,
பிள்ளை அழுதால் சுவரைத் தட்டுவார்கள்.
இப்போது பல் வந்துவிட்டதாம். காட்டினாள்.
திரையைப் பெரிதாக்கி
நல்ல பல் என்றேன்.

சிங்க் பக்கம் நின்ற வினிகர் பாட்டிலை
எதற்கோ மறைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் செருப்பு மாட்டும்போதுதான் ஞாபகம் வந்தது.
கட்டிலுக்கடியில் கை விட்டு
கறுப்புப் பையை இழுத்தேன்.
"போர்வை. எங்கள் வாளி இதற்குப் போதாது,
இன்னும் நனைக்கவே இல்லை."

வாங்கிக்கொண்டாள்.
அவிழ்த்துப் பார்க்கவில்லை.
லிஃப்டுக்குக் காத்திருந்தபடி
என் முடிச்சின்மேல்
இன்னொரு முடிச்சுப் போட்டாள்.