திருட்டு இணைப்பு

எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
திரையில் என் விழித்திரை.
சுவர் வெடிப்பில் இறங்கிய அரச வேர் மாதிரி
மெல்லிய சிவப்புக் கோடுகள்.
"புதுசா முளைச்சிருக்கு, ஞானப்பிரகாசம்.
சர்க்கரை பழைய குழாயை அடைச்சிடுச்சு.
தாகம் எடுத்த இடம் தானா ரத்தம் தேடுது.
ஆனா இதெல்லாம் சொத்தைக் குழாய். கசியும்."

முப்பத்தோரு வருஷம் மெட்ரோ வாட்டரில் இருந்தவனுக்கா
இது புரியாது?
வியாசர்பாடியில் இரவோடு இரவாக
மெயின் லைனைத் துளைத்து இழுத்த
அரை அங்குல பிளாஸ்டிக் குழாய்கள்
எத்தனை அறுத்திருக்கிறேன்.
ஒருமுறை, காலிக் குடத்தோடு நின்ற செங்கமலம்
கத்தவில்லை. கேட்டாள்:
"வராத தெருவுல வேற என்ன சார் பண்றது?"
ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மாதம் ஒரு ஊசி. கண்ணுக்குள்ளேயே.
முளைக்காதே என்று சொல்லும் மருந்து.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஸ்டான்லி.
இடது பெருவிரலுக்குக் கீழே
நாலு மாதப் புண்.
இங்கே எல்லோரும் வேண்டுவது
அதே முளைப்பைத்தான்.
நர்ஸ் பிலோமினா கட்டைப் பிரித்து
டார்ச் அடித்துக் குனிகிறாள்.
வெளுப்பு. வெளுப்பு. ஓரத்தில்
கடுகளவு சிவப்பு.
"வருது சார்" என்கிறாள்,
தண்ணி லாரியைக் கண்ட தெருவின் குரலில்.

ஊசி போட்ட கண்ணில்
ஒரு கறுப்புக் குமிழ் இன்னும் மிதக்கிறது.
மறு கண்ணால் அந்தச் சிவப்பைப் பார்க்கிறேன்.
செங்கமலம் அப்புறம்
எங்கே போய்த் தண்ணீர் பிடித்தாள் என்று
நான் கேட்டதே இல்லை.