படியில்லாத வாசல்

பெரிய சர்ஜன் எழுதிக் கொடுத்த சீட்டில்
கடைசி வரி மூன்றே எழுத்து: பி.எம்.ஆர்.
விளக்கிச் சொல்ல அவருக்கு நேரமில்லை.
முதுகில் எட்டு ஸ்குரூ. ஆபரேஷன் சக்சஸ்.
கால் இரண்டும் மட்டும் இன்னும்
செல்லம்பட்டிப் போஸ்ட் உச்சியிலேயே நிற்கின்றன.

மெடிக்கலில் சீட்டை நீட்டினேன்.
"நரம்பாண்ணே, எலும்பா?"
ரெண்டுக்கும் நடுவிலே என்றேன்.
அவன் ஒரு தைலத்தை எடுத்து வைத்தான்.

சிம்மக்கல் நரம்பு டாக்டர்
முட்டியைத் தட்டிவிட்டு
எலும்புக்காரரிடம் போகச் சொன்னார்.
எலும்புக்காரர் கே.கே. நகர்.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
"அருமையான வேலை" என்றார்,
சர்ஜனுடைய வேலையை. ஐந்நூறு ரூபாய்.
மாட்டுத்தாவணிப் பக்கம் பிசியோதெரபி ஒன்று,
மாடியில்.
இருபத்திரண்டு படி.
ஆட்டோவின் பின்னால் சேரைக் கட்டிய கயிறை
சீனிமுகமது அன்றைக்கு அவிழ்க்கவே இல்லை.

யாரோ தமிழில் சொன்னார்கள், மறுவாழ்வு மருத்துவம்.
ஒச்சாயி அந்தச் சொல்லை
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
கோரிப்பாளையத்தில் விசாரித்தால்
எல்லாக் கையும் ஒத்தக்கடையைக் காட்டின.
கேட்டில் நின்ற ஆள் குனிந்து
என் வாயை மோந்து பார்த்தார்.
"எத்தன வருசமா?"
"ஏழு மாசமாச்சு" என்றாள் இவள்.
"ஒரு நாளைக்கி எத்தன தடவ?"
"விழுந்தது ஒரே தடவதான் சாமி."
போதை மறுவாழ்வு இல்லம் என்ற போர்டை
அப்புறம்தான் முழுசாகப் படித்தோம்.
சிரித்துச் சிரித்து சீனிமுகமதுக்கு இருமல் வந்தது.
எனக்கும் சிரிப்பு வந்தது,
தொப்புள் வரைக்கும்.

அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் ஒரு கிளார்க்
மறுவாழ்வா, அது அகதிகள் செக்சனய்யா என்று
முகாமுக்கு வழி சொன்னார்.
போனோம். போகாமல் என்ன செய்ய.
குழாயடியில் குடத்தோடு நின்ற அம்மா
சீட்டைக் கையில் வாங்கவில்லை.
"மறுவாழ்வோ? முப்பத்தஞ்சு வரியமா
நாங்களும் அதைத்தான் தேடுறம்."
குடம் நிறைந்து வழிந்தது.
பிறகு என் காலைப் பார்த்தாள்.
"தவசீலன், இஞ்ச ஒருக்கா வா."
வந்தவன் சாரத்தைத் தூக்கிக் காட்டினான்,
முழங்காலுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ரப்பர்க் கால்.
கண்ணிவெடி அங்கே, கால் மதுரையில்.
பெரியாஸ்பத்திரி, பழைய கட்டடம்,
சலவைத்துணி காய்கிற இடம் தாண்டி,
"படியில்லாத வாசல் ஒண்டு இருக்கு, அண்ணை.
அதுதான்."

அந்த வாசலில் ஒச்சாயி என்னைத் தூக்கவில்லை.
தள்ளினாள், அவ்வளவுதான்.

டாக்டர் ஜெசிந்தா எக்ஸ்ரே கவரைப் பிரிக்கவில்லை.
"வீட்டுக்கு எத்தன படி?"
மூணு.
"கக்கூஸ் கதவு எவ்வளவு அகலம்?"
ஒச்சாயி காற்றில் சாண் போட்டுக் காட்டினாள்.
"ராத்திரி யாரு பொரட்டிப் போடுறது?"
நான்தான்மா.
"ஒங்களுக்கு முதுகு வலிக்குதா?"
ஏழு மாசம் எந்த ஆஸ்பத்திரியிலும் அழாதவள்
அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

நடப்பேனா என்று கேட்டேன்.
"தெரியாது" என்றார், முகத்தைத் திருப்பாமல்.
"இன்னிக்கிக் கைலி யாரு கட்டிவிட்டா?"
அவதான்.
"நாளைக்கி நீங்க."

லைன்மேனுக்கு இது புரியும்.
புயலில் ஃபீடர் போனால்
அறுந்த கம்பியையே பார்த்து நிற்கமாட்டோம்.
எந்தப் பக்கம் கரண்ட் இருக்கிறதோ அங்கிருந்து இழுத்து
ஒரு தெருவுக்காவது கொடுப்போம்.

ராத்திரியே ஒச்சாயி கடப்பாரையை எடுத்தாள்.
வீடு கட்டிய வருசத்தை ஈரச் சிமெண்டில்
என் விரலாலேயே எழுதிய படி.
நாலாவது குத்தில் வருசம் உடைந்தது.
நேரங்கெட்ட நேரத்தில் என்ன இடியென்று
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.
நான் நிலைக்கு உள்ளே, சேரில்,
டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
கைலி முடிச்சை அவிழ்ப்பதும்
கட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன்.
"வெளிச்சத்த ஆட்டாத" என்றாள்.