பாலத்திலிருந்து எடுத்த படம்

முப்பத்தெட்டு இயந்திரங்கள்.
ஒன்றைக்கூடத் தொட்டதில்லை நான்.
மும்பையில் ஏதோ குளிர்ந்த அறையில் இருந்துகொண்டு
ராணிப்பேட்டையில் தோல் எடை போடுகின்றன,
ஆம்பூரில் ஜோடி எண்ணுகின்றன,
ஏழாம் தேதியானால்
அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் போடுகின்றன.

"இதுக்கெல்லாம் நகல் எங்கம்மா இருக்கு?"
ஆடிட்டர் கேட்டதை
சிப்காட் ஆபீசில் இக்பாலுத்தீன் சார் என்னிடம் கேட்டார்.
வெள்ளிக்கிழமைக்குள் பதில்.

ஸ்நாப்ஷாட் எடுக்கலாம்.
கிளவுடே எடுத்துக்கொள்ளும், வெளியே நின்று,
யாரையும் எழுப்பாமல், ஒரே சொடுக்கில்.
ஆற்காட்டுப் பேருந்து பாலத்தில் போகையில்
ஜன்னல் வழியே பாலாற்றைப் படமெடுப்பதுபோல.
கரையிலிருந்து கரைவரை வந்துவிடும்.
மணல் வரும், சீமைக்கருவேலம் வரும், லாரித் தடம் வரும்.
மணலுக்கு நாலடி கீழே நகரும் தண்ணீர்
வராது.

ஏஜெண்ட் என்பவன் உள்ளே இறங்கித் தோண்டுகிற ஆள்.
தரவுத்தளத்தின் தோளைத் தொட்டு
கொஞ்சம் மூச்சைப் பிடி என்பான்.
பாதியில் நிற்கும் வரியை முடிக்கவிட்டு
அப்புறம்தான் நகலெடுப்பான்.
ஒரே ஒரு ஃபைல் கேட்டாலும் தேடித் தருவான்.
ஆனால் மெமரி தின்பான். மாதாமாதம் அப்டேட் கேட்பான்.
இயந்திரத்துக்கு ஒருவன் என்றால் முப்பத்தெட்டு பேர்;
மேய்க்க நான் ஒருத்தி.

புதன் ராத்திரி இரண்டையும் சோதித்தோம்,
போனில் காட்பாடியிலிருந்து ஜெபகுமாரி,
அவளுக்குப் பின்னால் ஏதோ சரக்கு ரயில்.

ஸ்நாப்ஷாட்டிலிருந்து ஒன்பதே நிமிடத்தில்
சம்பள இயந்திரம் எழுந்து உட்கார்ந்தது.
அதற்கு இன்னும் மாலை ஆறு பத்துதான்.
ஊழியர் எண் 347, கன்னியம்மாள், தோல் சீவும் பிரிவு,
ஓவர்டைம் பதினோரு மணி.
தொகை இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றுமில்லை.
மணிக்கணக்கு ஒரு வட்டில், ரூபாய்க்கணக்கு இன்னொரு வட்டில்,
இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு நொடி.
அந்த நொடிக்குள் விழுந்திருக்கிறாள்.

சரி, ஏஜெண்ட்?
சோதனைக்கு ஆறு இயந்திரங்களில் போட்டிருந்தோம்.
அதில் ஒருவன் ஆடி மாதமே செத்துப்போயிருந்தான்.
திரையில் மட்டும் பச்சை.
கடைசியாகச் சொன்ன 'நலம்'
அழிக்க ஆளில்லாமல் அப்படியே நின்றிருக்கிறது.

"இன்னொண்ணு," என்றாள் ஜெபகுமாரி,
"மூலமும் நகலும் ஒரே அக்கவுண்ட்.
உன் பாஸ்வேர்டு போச்சுன்னா?"
பீரோச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்து
அதையும் பீரோவிலேயே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தேன்:
எல்லாவற்றுக்கும் ஸ்நாப்ஷாட்.
சம்பளம், ஏற்றுமதி, இரண்டுக்கு மட்டும் ஏஜெண்ட்.
நகலுக்கு ஒரு நகல் வேறு அக்கவுண்டில்,
அதைத் திறக்க என்னால் முடியக்கூடாது.
மாதம் ஒருமுறை ஏதாவது ஒன்றை எழுப்பிப் பார்க்கவேண்டும்.

சார் மூன்றாவது வரியிலேயே நின்றார்.
"உன்னையே நீ நம்பலியா?"
"இல்ல சார்."
கையெழுத்துப் போட்டார். செலவைத்தான் கொஞ்சம் முனகினார்.

ஏழாம் தேதி, ஷிஃப்ட் மாறுகிற நேரம்,
கழுத்து அட்டையில் 347.
கேட்டருகே நின்று போனில் வந்த மெசேஜை
கண்ணருகே கொண்டுபோய்ப் படித்துக்கொண்டிருந்தாள்.
புதன் ராத்திரி கூலி இல்லாமல்
ஒன்றரை மணி நேரம் இருந்தது அவளுக்குத் தெரியாது.
"தள்ளும்மா, பஸ் போயிடும்" என்றாள்.
தள்ளினேன்.