கூட்டுப் பட்டா

பதினாறடிக்கு ஐந்தடி பிளைவுட்.
சமாதானபுரத்தில், மாடியில், தகரக் கூரைக்குக் கீழே
ஞாயிறு மூன்று மணிக்கு அது ஒரு தோசைக்கல்.
அதன்மேல் வளைந்து வளைந்து ஓடும் இரண்டு காடி.
வெளிக்காடி அண்ணன் ராஜசிங்குக்கு,
உள்காடி மசூதுக்கு.
ஆறு வருஷ அனுபவ பாத்தியதை.

ஜங்ஷன் ஈரடுக்குப் பாலம் போலத்தான்.
மேலே போகிறவன் கீழே போகிறவனுக்கு
வழிவிடவும் வேண்டாம், முகம் பார்க்கவும் வேண்டாம்.
முந்திவிட்டேன் என்று கத்துவார்கள்.
பக்கத்துத் தண்டவாளத்து ரயிலை முந்துவதும்
ஒரு முந்தலா.

நான் வளைவில் நிற்கிறவள்.
கவிழ்ந்த காரை எடுத்து
அடியில் செம்புப் பின்னலை விரலால் நீவி
மூக்கைக் காடியில் இறக்கிவிடுகிறவள்.
பந்தயத்தில் என் பெயர்
"ஏட்டி, சீக்கிரம்."

இந்தச் சித்திரையில் டிஜிட்டலுக்கு மாறலாம் என்றார்கள்.
ஒரே காடியில் நாலு கார் ஓடுமாம், ஆறுகூட.
யார் அந்த நாலு பேர் என்று சொல்லவில்லை.
"நீ வரைஞ்சு குடு, ஒனக்குத்தான அளவு தெரியும்."
தெரியும். தாலுகா ஆபீஸ் நில அளவையில்
ஊரான் வயலுக்கெல்லாம் எல்லை வரைகிறவள்.

அடிக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று வரைந்தேன்.
தடம் மாற்றும் துண்டு எங்கே வரும்?
அதுதான் வழக்கு.
வாங்க முடிந்தது இரண்டே துண்டு.
கொண்டையூசி வளைவுக்குள்ளேயே வை என்றான் அண்ணன்.
பல் லேபில் அரை மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டும் மசூது
நேர்ப்பாதையின் நட்டநடுவில் என்றான்.
நான் ஜன்னலோர வளைவுக்கு
ஒன்றரை அடி முன்னால் புள்ளி வைத்தேன்.
அங்கேதான் இருவரும் பிரேக் பிடிக்கிறீர்கள்.
பிடிக்காதவன் கார் எங்கே வந்து விழும் என்று
என் கணுக்காலுக்குத் தெரியும்.

அப்புறம் ஒயர்.
தடம் மாறுகிற இடத்தில்
இரண்டு காடிக்கும் பாசிடிவ் ஒரே பக்கம் வேண்டும்,
இல்லையென்றால் ஷார்ட்.
அண்ணன் மேசைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தான்.
ஆறு வருஷமாக உள்காடி தலைகீழ்.
மசூதின் கார்களிலோ மோட்டார் ஒயரும் தலைகீழ்.
ஒரு தப்பை இன்னொரு தப்பு
தாங்கிப் பிடித்து
ஜெயித்துக்கூட இருக்கிறது, சவம்.

இதுவரை விரல்தான் மின்சாரம்.
அழுத்தினால் கூடும், விட்டால் சாகும்.
இனி தடமெங்கும் கரண்ட் எப்போதும் நிற்கும்.
விரல் ஒரு சேதி சொல்லும், அவ்வளவுதான்.
காருக்குள் இருக்கிற சிப்
தன் நம்பரைக் கூப்பிட்டால் மட்டும் காது கொடுக்கும்.
இனி உன் காடி, என் காடி கிடையாது.
எங்கள் ஆபீஸ் பாஷையில் கூட்டுப் பட்டா.
முன்னால் போகிறவன் மறிக்கலாம்,
பின்னால் வருகிறவன் பம்பரில் முட்டலாம்.
முதல்முறையாக அவர்கள் சண்டை போடலாம்.

வாங்க வேண்டிய சாமான் பட்டியலில்
சிப், இரண்டு என்று எழுதியிருந்தான் அண்ணன்.
நான் பென்சிலை வாங்கி
இரண்டை அடித்து மூன்று என்று எழுதினேன்.
கன்ட்ரோலருக்கும் அப்படியே.

மசூது சிரித்தான்.
பிறகு பட்டியலை இன்னொருமுறை படித்தான்.
"அப்போ வளைவுல யாரு நிக்கதாம்?"
என்றான் அண்ணன், நிஜமாகவே தெரியாமல்.

படத்தில் ஜன்னல் பக்கம், வளைவுக்கு வெளியே
சின்னதாய் ஒரு வட்டம் இருந்தது.
நில அளவைக் கல்லுக்குப் போடுகிற குறி.
பழக்கத்தில் நானே போட்டிருக்கிறேன்,
நான் நிற்கிற இடத்துக்கு.

அழித்தேன்.
தாள் அங்கே கொஞ்சம் நைந்து வெளுத்தது.
மசூது அதன்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு
"கவுந்தவன் போய் அவனவன் காரை எடுக்கணும்,
அதுவரைக்கும் மத்தவன் ஓடலாமா, நிக்கணுமா?"
என்று ஆரம்பித்தான்.
விளக்கு வைக்கிற நேரம் வரை
அது முடியவில்லை.