கிழக்கு: கடல்

களுவாஞ்சிக்குடி, நீதிமன்றத்துக்கு முன்னால்
போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடி.
இருபது வருடமாய்
நிலத்தை எழுத்தாக்குகிற வேலை எனக்கு.
மண்முனை தென் எருவில் பற்று என்று தொடங்கினால்
விரல்கள் தாமாகவே
முத்திரைவரை போய்விடும்.

தை பிறந்த கிழமை
நிறோஜன் வந்தான், தங்கச்சி யதுர்ஷினியோடு.
"நன்கொடை உறுதி ஒண்டு எழுதோணும் அக்கா."
"எந்தக் காணி?"
"காணி இல்ல."
போனை மேசையில் வைத்தான்.
"இதுக்குள்ள இருக்கு."

பெண்ணுக்கு வீடு கொடுத்தாக வேண்டிய ஊர்.
கட்டாரில் நாலு வருடம் கிரேன் ஓட்டிய காசைச்
சீமெந்தாக்காமல் நாணயமாக்கியவன்.
சுண்டிப் பார்க்க முடியாத நாணயம்.
மாப்பிள்ளை பகுதி கேட்டதாம்:
காகிதத்தில் காட்டு.

நான் சிரிக்கவில்லை. எழுதத் தொடங்கினேன்.
வடக்கு:
பன்னிரண்டு இங்கிலீசுச் சொற்கள், அதுதான் திறப்பாம்.
தெற்கு:
அதை மறந்தால் கடவுளாலும் திறக்க ஏலாதாம்.
விஸ்தீரணம்: சைபர் தசம் மூன்று ஏழு.
ஏக்கரா, றூட்டா, பேர்ச்சா
என்று கேட்டது என் பழைய படிவம்.

பெறுமதியை அடித்து முடிப்பதற்குள்
"அக்கா, கூடிட்டு."
தேத்தண்ணி வந்தது.
"அக்கா, குறைஞ்சிட்டு."
கோப்பையில் பறக்கிற ஆவிக்கு
எவன் முத்திரைத் தீர்வை கணக்கிடுவான்?

பதிவகத்துக்குப் போன் எடுத்தேன்.
"எந்தத் தொகுதி, எந்தப் பக்கம்?"
"உலகம் முழுக்க ஒரே பக்கம்" என்றேன்.
வைத்துவிட்டார்.

சுற்றறிக்கைகளைப் புரட்டினேன்.
ஒன்று: இது பணமல்ல, போனால் உங்கள் பொறுப்பு.
இன்னொன்று: இலாபம் வந்தால் வரி.
பிள்ளை பிறக்கவேயில்லை என்கிறவர்கள்
பள்ளிக்கூடக் காசு மட்டும் கேட்கிறார்கள்.
தரகர்களைப் பதிகிற சட்டம்
கொழும்பில் எங்கோ பென்சிலில் கிடக்கிறதாம்.
டை கட்டிய கம்பனிகளும் வாங்குகிறார்களாம்.
முந்தாநாள் சூது, நாளைக்கு முதலீடு.
நடுவில் கிடக்கிற இன்றைக்குத்தான்
இந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசியிருக்கு.

யதுர்ஷினி அதுவரை வாய் திறக்கவில்லை.
வங்கியில் வேலை. சந்தேகக் கணக்குகளை
மேலிடத்துக்கு எழுதி அனுப்புகிற மேசை.
"அண்ணா, வித்துப்போட்டுப்
போரதீவில அரை ஏக்கர் வாங்கித் தா.
வெள்ளம் வந்தாலும்
எந்தப் பக்கத்தால வரும் எண்டு தெரியும்."

அவன் என்னைக் கேட்டான்:
"எங்கட அம்மாட வளவு உறுதி எங்கக்கா?"

என் முதற் கோப்பு அது.
பெரியகல்லாறு, பதினாலு பேர்ச்.
பழைய நொத்தாரிசின் அலுமாரியோடு மூலம் போக,
உப்பில் ஊறிய பிரதியைப் பார்த்து
நான்தான் திருப்பி எழுதினேன்.
வடக்கு: ஒழுங்கை. தெற்கு: பூவரசு வேலி.
மேற்கு: கந்தப்போடி வளவு. கிழக்கு: கடல்.
ஒழுங்கை இல்லை, வேலி இல்லை, கந்தப்போடியும் இல்லை.
சொன்ன சொல்லுக்கு நின்றது
கடல் மட்டும்தான்,
அதுவும் முப்பதடி உள்ளே வந்து.

"இந்தப் பேரேடு ஆயிரம் இடத்தில கிடக்கு.
எந்தக் கடலும் அத்தினையிலயும் ஏறாது."
"திறப்பு?" என்றாள் தங்கச்சி.
"அது எத்தின இடத்தில?"

அவன் நெற்றியைத் தொட்டான்.
ஹெல்மெட் போடாமல்
மோட்டார் சைக்கிளில் வந்த நெற்றி.

மறுகா என்ன?
உறுதி எழுதவில்லை.
பாதி விற்பது, பாதி வைப்பது என்று
ஒரு சத்தியக்கடதாசி.
ஐயாயிரம் ரூபா, காசாக.
அவள் என் பேனையை எடுத்தாள்:
"சொல்லு, எழுதுறன்."
நான் படியில் போய் நின்றேன்.
கீழே யாரோ அடையாள அட்டைக்கு
இரண்டு பக்கமும் கொப்பி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபிறகு பார்த்தால்
தாள்க்கட்டின் அடுத்த பக்கத்தில்
பேனையின் அழுத்தம், பன்னிரண்டு வரி.
கிழித்தேன். நெருப்புக்குச்சி தேடினேன்.
முதற் சொல் மட்டும் கண்ணில் பட்டுவிட்டது.
சொல்லமாட்டேன்.
கடல் அல்ல, அவ்வளவுதான்.