நின்றபடி ஓடியது

கோட்டை வாசல் தாண்டி வேம்புக்குக் கீழ் நிறுத்தினேன்.
நிழல் பொனற்றுக்கு மட்டும்தான் காணும்.
புருசன்காரர் அர்ச்சனைத் தட்டோடு மலையேறிவிட்டார்.
அவ இறங்கவில்லை.
"ஏசி ஓடட்டும் தம்பி" என்றா,
போனைக் காதில் வைத்தபடி.

வைகாசி. பன்னிரண்டே கால்.
இரண்டு பக்கமும் கடல் கிடந்தும்
ஒரு இலை அசையவில்லை.

நான் வெளியே நின்றேன்.
கண்ணாடிக்குள் ஒரு வாய் அசைவதைப்
பார்க்காமலிருக்க ஏதாவது வேலை வேண்டும்,
எஞ்சினைக் கேட்டேன்.
கொம்பிரசர் பிடிக்கும்போது ஒரு குனிவு,
விடும்போது ஒரு நிமிர்வு.
பாலையூற்றுக் கராச்சில் சிவநேசன் சொல்லுவான்:
"நிக்கிற காருக்குக் காத்தில்லை மச்சான்.
ஊசி பாதி தாண்டினால்
ஆரெண்டும் பாராதை, நிப்பாட்டு."

மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் மட்டில் குடிக்கும்.
பெற்றோல் வரிசையில் மூன்று இரவு
இதே காருக்குள் நுளம்போடு படுத்தவன் நான்.
அப்போது அந்தச் சுவிச்சில் விரல்கூட வைத்ததில்லை.

கண்ணாடி வெளிப்பக்கமாய் வியர்த்தது.
உட்பக்கம் எப்படியோ, எனக்கென்ன தெரியும்.

பிறகு மான் வந்தது.
பொலித்தீன் பையொன்றை மென்று துப்பிய பெட்டை.
முன்சில்லுக்குப் பின்னால்
ஏசிக் குழாய் சொட்டிச் சேர்ந்த
உள்ளங்கையளவு ஈரத்தில் நாக்கை வைத்தது.
சொட்டு விழ, நக்கும்.
தலை தூக்கி என்னைப் பார்க்கும்.
சொட்டு விழ, நக்கும்.

ஊசி பாதிக்கு ஒரு மயிரிழை கீழே.

கண்ணாடி இறங்கியது.
குளிர் என் கையில் பட்டுச் செத்தது.
"எவ்வளவு நேரமாய் வெயிலிலை நிக்கிறீங்கள்?
ஓஃப் பண்ணுங்கோ, பெற்றோலும் வீண்."
தடிமன் பிடித்த குரல்.

நான் கீழே காட்டினேன்.
எட்டிப் பார்த்தா.
"இந்தத் தண்ணி எங்காலை?"
"காத்திலை இருந்ததுதான் அக்கா.
உள்ளுக்கை நீங்கள் விட்ட மூச்சும்
கொஞ்சம் கிடக்கும்."

பதில் இல்லை.
போனைக் கவிழ்த்து மடியில் வைத்தா.
கண்ணாடியை ஏற்றவுமில்லை.
கடற்கரைக் காற்றின் ஈரமெல்லாம் உள்ளே போகப் போகக்
கீழே சொட்டு வேகமாகியது.
மான் இப்போது தலை தூக்கவில்லை.

புருசன்காரர் திருநீறோடு இறங்கி வந்து
"கதவுக் கண்ணாடி திறந்துகொண்டு ஏசியோ,
ஆற்றை காசு?" என்றார்.
மான் பாய்ந்துவிட்டது.

உவர்மலைப் பக்கம் திருப்பும்போது
கண்ணாடியில் பார்த்தேன்,
நாங்கள் நின்ற இடத்தில் தார்
ஒரு நாக்களவு கறுத்துக் கிடந்தது.

பில்லில் வெயிற்றிங் முப்பது நிமிசம் எழுதினேன்.
நின்றது நாற்பத்தைந்து.