வெளி உபயோகத்துக்கு மட்டும்

ஐஸ் குச்சிகளில் ஊதா மையால் எழுதியிருந்தேன்.
ஏப்ரல் மழை அத்தனையையும் படித்துவிட்டுக்
கையோடு எடுத்துப் போயிற்று.
மிஞ்சிய குச்சிகளைக் கரும்பறவை ஒன்று பிடுங்கிப் பார்த்து,
கூட்டுக்கு ஆகாதென்று
நடைபாதையில் போட்டது.

நடந்தது யாருக்கு?
கோல்ட்ஸ்ட்ரீம் கடைத்தெருவில்
முப்பத்தோரு வருடம் மருந்துக்கடையில் நின்று
பெயர் ஒட்டாத புட்டி ஒன்றைக்கூட
எவர் கையிலும் கொடுத்தறியாத எனக்கு.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
சொன்னவர் ஒரே ஒரு பயிரை விதைத்தவராயிருப்பார்.
என் தட்டில் ஒன்பது வகை:
எல்லாம் இரண்டு இலை, எல்லாம் பச்சை.
மாத்திரையாவது முதுகில் ஓர் எண்ணைக் காட்டும்.

மே மாதம் வேலியோரப் பாத்திக்கு மாற்றினேன்.
உயரும் என்று தோன்றியது பின்னால்,
குட்டை என்று தோன்றியது முன்னால்.
தோன்றியதோடு சரி.
ஜூலையில் முன்வரிசை என் தோளைத் தொட்டது;
பின்வரிசை வெயிலுக்கு வழி கேட்டுக்
கால்களுக்கிடையில் நின்றது.

ஒன்றுக்கு மட்டும் தனிக் கவனம்.
மூங்கில் ஊன்றி, கடற்பாசி உரம் ஊற்றி,
எட்டு வாரம்.
அடுத்த வீட்டு டூகல் வேலிமேல் முழங்கையை வைத்தார்.
"வில்லோஹெர்ப், எஃபி.
ரயில் பாதையோரம் கேட்பாரற்று வளரும் களை.
இவ்வளவு மரியாதையை அதன் வம்சமே பார்த்திருக்காது."
நான் கத்திரியோடு திரும்பி வருவதற்குள்
அதன் வெள்ளைப் பஞ்சு பாலத்தைத் தாண்டி
இங்கிலாந்துக்குள் போய்விட்டது.

ஆகஸ்ட்டில் மறுபடி வந்தார்.
மூலையில் அகன்று கிடந்த ஐந்து செடிகளைக் காட்டி,
"இது காம்ஃப்ரி. என் முட்டிவலிக்கு
இதில் தேநீர் போட்டுக் குடிக்கச் சொல்கிறார்கள்.
நாலு இலை கொடேன்."

விரலால் தடவிப் பார்த்தேன்.
காம்ஃப்ரி இலை சொரசொரக்கும், விளிம்பு நேராயிருக்கும்.
மற்றொன்றின் இலை மெத்தென்றிருக்கும், விளிம்பில் பொடிப் பல்.
புத்தகம் சொல்வது அவ்வளவுதான்.
நத்தை தின்ற விளிம்பில்
பல் எது, கடி எது?

பூக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றேன்.
பூக்கவில்லை.
செப்டம்பர் போனது. அக்டோபரும்.
நாலு இலைக்குக் கணக்குப் பார்க்கிறவள் என்று
மீன் வறுவல் கடை வரிசையில் சொன்னாராம்.
சொல்லட்டும்.
உறைபனி ஐந்தையும் தரையோடு அழுத்தியது.
சாகவில்லை, பேசவுமில்லை.

அடுத்த ஜூன் பதினொன்று, காலை.
ஐந்து தண்டு, ஒவ்வொன்றும் ஐந்தடி.
ஒரு பக்கமாய்த் தொங்கும் மணிகள்,
உள்ளே தேனீ இறங்கிச் செல்லப் புள்ளித் தடம்.
ஃபாக்ஸ்குளோவ்.

இதன் உறவுக்காரச் செடியிலிருந்து வருவதுதான்
அந்தச் சின்ன நீல மாத்திரை.
அறுபத்திரண்டரை மைக்ரோகிராம்.
கூடவும் கூடாது, தவறவும் கூடாது.
எத்தனை இதயங்களுக்கு எண்ணிப் போட்டிருப்பேன்!
எண்ணிய விரலுக்கே
தடவியபோது தெரியவில்லை.

டூகலைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கொழுத்த தேனீ ஒன்று மணிக்குள் நுழைந்து,
திரும்ப இடமில்லாமல்
பின்புறமாகவே வெளியே வந்தது.
"எத்தனை இலை கேட்டேன்?"
"நாலு."
முட்டியைத் தேய்த்துக்கொண்டு போனார்.
மறுநாள் என் கதவருகே
ஒரு கட்டு துத்தநாகப் பட்டை, ஒரு பென்சில்.
மை அழியும், பென்சில் அழியாது என்று
சீட்டில் எழுதியிருந்தார். மையால்.

எட்டுக்குப் பெயர் எழுதியாயிற்று.
ஒன்பதாவது வெளிறிய மஞ்சள்,
இருட்டிய பிறகே மணக்கிறது.
நான் விதைத்த எதுவும் இப்படி மணக்காது.
களையோ, விருந்தாளியோ,
பிடுங்க இன்னும் கை வரவில்லை.
கடைப் பழக்கத்தில் அதற்கும் ஒரு பட்டை:
வெளி உபயோகத்துக்கு மட்டும்.